வேலனா? தோழியா?

சனிக்கிழமை காலை. திருவரங்கத்திலிருந்து புறப்பட்ட ஒன்றாம் எண் பேருந்து, மாம்பழச்சாலையைக் கடந்து காவிரிப் பாலத்தின்மீது ஏறுகிறது. பின்னே திரும்பினால் 236 அடி உயர இராசகோபுரம். முன்னே நோக்கினால் மலைக்கோட்டை. அதன் அடிவாரத்துக்கு அருகே மாதா கோயிலின் ஊசிக் கோபுரம். கோபுரங்களுக்கிடையே கவலையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது ஆறு. அந்த ஆற்றைக் கடந்து வாரந்தோறும் போகிறோம் நாம். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், ஆறாம் நாள் பாடம் கேட்கப் போகிறோம்! எங்கே? கிறித்தவக் கல்லூரி ஒன்றிலே. எதைக் கேட்க? 'கவுன்சிலிங்' என்று ஊரார் சொல்லும் உளவளத்துணைக் கலையை.

செய்தி தெரிந்ததும் படிப்பகத்துத் தோழர்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டனர்.

"பகுத்தறிவு பேசும் வாய்க்குப் பாதிரிமார் கல்லூரிதானா கிடைத்தது?" என்றார் ஒருவர்.

"ஆறுதல் தேடுவது கோழைகள் வேலை. கொள்கை உள்ளவனுக்கு ஆறுதல் எதற்கு?" என்றார் மற்றொருவர்.

"கோயிலிலே குறி, மாதா கோயிலிலே பாவமன்னிப்பு, கல்லூரியிலே கவுன்சிலிங்! மூன்றும் ஒரே சரக்கு; உறைதானே வேறு?" என்றார் மூன்றாமவர்.

முதல் கேள்விக்கு வரலாறு விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்கு வாழ்க்கை விடை சொல்லும். ஆனால் அந்த மூன்றாம் கேள்வி இருக்கிறதே, அது கூரிய கேள்வி. சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. துயருற்றவர் ஒருவர் முன்னே வந்து அமரும்போது, அவருக்குக் குறி சொல்வதும், அவர் சொல்வதைக் கேட்பதும் ஒன்றா? ஒன்றல்ல என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இதற்கு விடை தேடி மேலைநாட்டு ஏடுகளைப் புரட்டுமுன், நம் வீட்டு ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோம். வியப்பு! அந்த வேறுபாட்டை, குறிஞ்சி நிலத்துக் குடில் ஒன்றின் முற்றத்திலே, ஆட்டுக்குட்டியின் குருதி சிந்திய மணலிலே, சங்கப் புலவர்கள் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.

சொல்லிலே இருக்கும் சூட்சுமம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கவுன்சிலிங்' என்பதற்குத் தமிழிலே பல பெயர்கள் வழங்குகின்றன. அறிவுரை என்பார் சிலர். ஆலோசனை என்பார் சிலர். ஆற்றுப்படுத்தல் என்பார் சிலர். ஈழத்தமிழர் உளவளத்துணை என்பர்.

அறிவுரை என்னும் சொல் ஆகாது. அறிவுரை மேலிருந்து கீழே விழுவது. சொல்பவன் மேடையிலே, கேட்பவன் தரையிலே! ஆலோசனையும் ஏறக்குறைய அதுவே.

ஆற்றுப்படுத்தல் அழகான சொல். ஆறு என்றால் வழி; ஆற்றுதல் என்றால் தணித்தல். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனைக் கண்டு, தான் சென்ற வழியைக் கூறி, அவனையும் செல்வச் செய்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே சரிபாதி இந்த வகையைச் சேர்ந்தது. வழி சொல்பவன் அரசனல்லன், குருவல்லன். நேற்றுவரை அதே பசியில் கிடந்தவன். நடந்தறிந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்கிறான். எனவே அவன் சொல்லிலே செருக்கில்லை. ஆயினும் அங்கேயும் ஒரு குறை உண்டு. 'இன்னாரிடம் போ' என்று முடிவை அவனே சொல்லிவிடுகிறான். போவதா, வேண்டாவா என்று தேரும் உரிமை எதிர்வந்தவனுக்கு விடப்படுவதில்லை.

துணை என்னும் சொல்லோ, முன்னே நடப்பதுமில்லை, பின்னே தள்ளுவதுமில்லை, உடன் நடக்கிறது. ஆகவே உளவளத்துணை என்னும் ஈழத்துச் சொல்லையே நாம் இங்கே கைக்கொள்கிறோம். அகப்பாடல்களிலே இந்தத் துணைக்கு ஒரு பெயர் உண்டு: தோழி!

வெறிக்களத்திலே இருவர்

காட்சி இது. மகள் மெலிகிறாள். உண்பதில்லை, உறங்குவதில்லை, வளை கழல்கிறது, நெற்றியிலே பசலை படர்கிறது. தாய் காண்கிறாள், கலங்குகிறாள். என்ன செய்கிறாள்? கட்டுவிச்சியை அழைத்து நெல்லை எண்ணிக் குறி பார்க்கிறாள். "முருகனால் வந்த நோய்" என்று விடை கிடைக்கிறது. உடனே வேலன் வருகிறான். களம் அமைக்கிறான், மலர் தூவுகிறான், பலநிறச் சோறு படைக்கிறான், ஆட்டுக்குட்டியை அறுத்து அதன் குருதியைத் தூவுகிறான், நள்ளிரவிலே வெறியாடுகிறான். ஊரே கூடி நிற்கிறது.

இத்தனைக்கும் நடுவே ஒருவரும் செய்யாத செயல் ஒன்று உண்டு. "மகளே, உனக்கு என்ன?" என்று அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை! நெல்லைக் கேட்டார்கள், வேலனைக் கேட்டார்கள், தெய்வத்தைக் கேட்டார்கள், நோயுற்றவளை மட்டும் கேட்கவில்லை. இதுதான் வெறியாட்டின் உள்ளீடு. ஆடு, சோறு, மலர் எல்லாம் புறத்தோற்றம். துயருற்றவரைக் கேளாமலே துயருக்குக் காரணம் சொல்லிவிடும் துணிச்சல்தான் வேலனின் தொழில்.

கேட்டறிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், தோழி. நோய் தந்தவன் மலைநாட்டுத் தலைவன் என்பது அவளுக்குத் தெரியும். குறுந்தொகை 362ஆம் பாட்டிலே, வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் படைத்த தோழி, வேலனை நோக்கி மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்கிறாள். இவ்வளவு படைக்கிறாயே, பலி கொடுக்கிறாயே. இவளுக்கு இந்நோய் தந்த தலைவனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமோ என்பது கேள்வி. கூச்சலில்லை, வசையில்லை, ஒரே கேள்வியிலே வெறிக்களம் வெறுங்களமாகிவிடுகிறது!

நற்றிணை 34ஆம் பாட்டிலே தோழி இன்னும் ஓரடி முன்னே செல்கிறாள். இது தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும், வேலன் அழைத்ததற்காக வந்து நின்ற முருகனையே, நீ கடவுளாகவே இருந்தாலும் இருந்துபோ, அறியாமை உடையவன்தான் என்று கூறிவிடுகிறாள்.

அகநானூற்று 22ஆம் பாட்டை வெறிபாடிய காமக்கண்ணியார் தலைவியின் வாய்மொழியாகவே அமைத்திருக்கிறார். வெறியாட்டும் நடந்தது, அவ்விரவிலே தலைவனும் மறைந்து வந்தான், நோயும் தணிந்தது. நோய் தணிந்ததற்கும் வேலனுக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் புகழ் யாருக்குப் போகும்? வேலனுக்குத்தான்! அதை எண்ணித் தலைவி நகைக்கிறாள். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால், முன்னது காரணம், பின்னது விளைவு என்று மயங்கும் மனித மதியின் பிழையைத் தருக்க நூலார் பக்கம் பக்கமாக விளக்குவர். அகப்பாட்டு ஒரு நகைப்பிலே விளக்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்பாட்டுக்களை இறைமறுப்புப் பாட்டுக்கள் என்று மேடையிலே முழங்குவார் நம்மிடையே உண்டு. அது பாட்டுக்குச் செய்யும் நேர்மை ஆகாது. தோழி முருகனை மறுக்கவில்லை; இந்த நோய் அவனால் வந்தது என்பதைத்தான் மறுக்கிறாள். அவள் வழக்கு தெய்வத்தோடு அல்ல, தவறான காரணத்தோடு. இந்த வேறுபாட்டை நாம் மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னே, நம் சொந்தச் செலவிலே சொல்லப் போகிறோம்.

பாதிரிமார் கல்லூரியிலே படிக்கலாமா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலே கல்வி வளர்ந்த கதையைக் கிறித்தவக் கல்லூரிகளை விலக்கிவிட்டு எழுத முடியாது. தூய வளனார் கல்லூரி 1844இல் நாகையிலே தோன்றி, 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923இல் எழுந்தது. உடற்குறையும் உளக்குறையும் உற்றோரின் மறுவாழ்வுக்கென்றே அங்கு ஒரு துறை இயங்குகிறது. 1826இல் இவ்வூரிலே உயிர்நீத்த ஆயர் ஹீபரின் பெயர் தாங்கிய கல்லூரியிலே சமூகப்பணி பயிற்றுவிக்கப்படுகிறது. எல்லார்க்கும் திறவாத கதவுகள் பல இருந்த காலத்திலே, திறந்த கதவுகளை மறப்பது நன்றியன்று. அதற்காகக் கண்மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டுமா? வேண்டா. கண்திறந்தே போகலாம், கேள்வியோடே போகலாம்.

அப்படிக் கேள்வியோடு போன நமக்கு, அந்தக் கலையின் வரலாறே ஒரு வேடிக்கையான விடையைத் தந்தது. இன்றைய உளவளத்துணைக்கு அடித்தளம் இட்டவர்களுள் தலையாயவர் அமெரிக்கர் கார்ல் ரோஜர்ஸ். 1902இலே, கண்டிப்பு மிக்க கிறித்தவக் குடும்பத்திலே பிறந்தவர். 1922இல் மாணவர் கிறித்தவப் பேரவைக் கூட்டத்துக்காகச் சீனம் சென்று வந்தவர். 1924இல் நியூயார்க் நகரிலே யூனியன் இறையியல் கல்லூரியிலே சேர்ந்தவர்; அதாவது, பாதிரியாராகப் படிக்கப் போனவர்! அங்கே மாணவர் சிலர் கூடி, ஆசிரியர் நடத்தாத, தங்கள் ஐயங்களையே பாடமாகக் கொள்ளும் வகுப்பொன்று வேண்டும் என்று கேட்டனர். கல்லூரி இசைந்தது. அந்த வகுப்பிலே தம் கேள்விகளைத் தாமே எண்ணிப் பார்த்தவர்களிற் பலர் சமயப் பணியை விட்டே வெளியேறினர். ரோஜர்சும் அவர்களுள் ஒருவர். குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பித்தான் ஆகவேண்டும் என்னும் தொழிலிலே தாம் இருக்கவியலாது என்று கண்டு, தெருவைக் கடந்து கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியை அடைந்தார்.

அவர் பின்னாளிலே, 1942இலும் 1951இலும் எழுதிய நூல்களிலும், 1957இல் எழுதிய ஆய்வுரையிலும் வலியுறுத்தியது என்ன? துணை நிற்பவரிடம் மூன்று பண்புகள் வேண்டும். ஒன்று, போலியின்மை. இரண்டு, எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி மதித்தல். மூன்று, அவர் உலகை அவர் கண்ணாலே காணும் ஒத்துணர்வு. இம்மூன்றிலே கடவுள் இல்லை, பாவம் இல்லை, தண்டனை இல்லை, மன்னிப்பும் இல்லை! பாவமன்னிப்புக் கூண்டிலே மண்டியிடுபவர், "நான் தவறு செய்தேன்" என்று தொடங்குகிறார். உளவளத்துணை நாடி வருபவரோ, "எனக்கு வலிக்கிறது" என்று தொடங்குகிறார். முன்னதில் தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார். பின்னதில் தீர்ப்புக்கே இடமில்லை. மூன்றாம் தோழரே, முதல் வேறுபாடு இதுதான்.

இன்னொரு பாதிரியாரையும் பார்ப்போம். இங்கிலாந்திலே சாட் வரா என்பவர், 1935இல், இளம் குருவாக இருந்தபோது, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கத்தை நடத்த நேர்ந்தது. பூப்பெய்திய அச்சிறுமி, இயற்கையின் நிகழ்ச்சியைக் கொடிய நோய் என்று எண்ணி உயிரை மாய்த்துக்கொண்டாள். சொல்ல ஒருவருமில்லை, கேட்க ஒருவருமில்லை, அறியாமை கொன்றது! அந்நிகழ்ச்சி அவரை விடவில்லை. 1953இல், இலண்டன் மாநகரிலே, தற்கொலை எண்ணம் கொண்டோர் தொலைபேசியிலே அழைக்கலாம் என்று அறிவித்தார். அவரைக் காண வந்து காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தனர், எளிய தொண்டர்கள். அப்படிப் பேசியவர்களிற் பலர், பாதிரியாரைக் காணாமலே மனந்தேறித் திரும்பினர். வரா என்ன செய்தார்? பொறாமைப்படவில்லை. 1954இல் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்' எனும் அவ்வமைப்பிலே, தொண்டர்கள் தம் சமயத்தைப் பரப்பக் கூடாது என்பது விதி. வேதம் ஓதுபவர் வேதத்தை வெளியே வைத்துவிட்டுக் கேட்க முடிந்தது. அவ்வழியிலே, 1986இல் சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' இன்றும் இயங்குகிறது.

ஆகவே, கல்லூரியின் வாயிலிலே சிலுவை இருக்கிறதா என்பதன்று வினா. வகுப்பின் உள்ளே திணிப்பு இருக்கிறதா என்பதே வினா.

நம் பிழை

நமக்கும் அதே வினாவைத் திருப்பிப் போட்டுக்கொள்ள நேர்ந்தது. நம் பள்ளியிலே பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாட வேளையிலே அடிக்கடி மயங்கி விழலானாள். பேச்சுக் குறைந்தது, கண்ணிலே ஒளி குறைந்தது. வீட்டார், "காத்துக் கருப்பு பட்டிருக்கிறது" என்றனர். மந்திரிப்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, மணிக்கட்டிலே கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினர்.

நாம் சும்மா இருப்போமா? மாலையிலே அவள் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையிலே அமர்ந்து, பேய் என்பது பித்தலாட்டம் என்றோம். நரம்பு மண்டலத்தை விளக்கினோம். கயிற்றின் விலையைக் கேட்டுக் கேலி செய்தோம். முக்கால் மணி நேரம்! சொற்பொழிவு என்ற அளவிலே அது சோடையில்லை. அந்தத் தாய் முந்தானையைக் கையிலே முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். முடிவிலே, "சரிங்க சார்" என்றார். மறுநாள் முதல் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. பத்து நாள் வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பிலே இதைச் சொன்னோம், தாயின் அறியாமைக்குச் சான்றாக! பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று வினவினார்: "அந்தத் தாய் என்ன சொன்னார்?"

எண்ணிப் பார்த்தோம். நாம் சொன்னது வரிவரியாக நினைவிலே இருந்தது. அவர் சொன்னது "சரிங்க சார்" தவிர ஒன்றுமில்லை. ஏன்? நாம் அவரை எதையும் கேட்கவே இல்லை! கட்டுவிச்சி நெல்லை எண்ணினாள். நாம் நரம்பை எண்ணினோம். வேலன் ஆடினான், நாம் பேசினோம். கையிலே வேல் இல்லையே தவிர, அன்று அந்தத் திண்ணையிலே ஆடியதும் வெறியாட்டே!

மீண்டும் சென்றோம். இம்முறை, "அம்மா, அன்றைக்கு நானே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். பிள்ளைக்கு எப்போதிலிருந்து இப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டோம். வாயை மூடுவது எவ்வளவு கடினம் என்பது மேடை ஏறிய வாய்க்குத்தான் தெரியும். சற்று நேரம் அமைதி. பிறகு அந்தத் தாய் பேசினார். கணவர் வேலையின்றி இருக்கிறார், கடன் ஏறியிருக்கிறது, சித்திரையிலே பெண்ணைத் தம் தம்பிக்கே கட்டிவைத்துவிடலாம் என்று வீட்டிலே முடிவாகியிருக்கிறது. "அவளுக்குப் படிக்கணும்னு இருக்கு. சொல்ல மாட்டேங்கிறா. விழுந்துடுறா" என்றார். தாய்க்கே தெரிந்திருக்கிறது! கயிறு கட்டியது நம்பிக்கையால் மட்டுமன்று. வேறு செய்ய வழியில்லாமையால். "மந்திரிக்கிறவர் ஒருத்தர்தாங்க, என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு" என்று அவர் சொன்னபோது நாம் தலைகுனிந்தோம்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். மூடநம்பிக்கையின் கடை ஏன் நாள்தோறும் திறந்திருக்கிறது? சரக்கு நல்லது என்பதாலா? இல்லை. பக்கத்திலே வேறு கடையே இல்லை என்பதாலும்தான்!

கயிறும் சங்கிலியும்

திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையிலே, காவிரிக் கரையிலே, குணசீலம் இருக்கிறது. மனநோயுற்றோரை அங்குள்ள பெருமாள் கோயிலுக்குக் கொண்டுவந்து, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். அங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரையும் தந்தைமாரையும் எள்ளி நகையாட நமக்கு இன்று நா எழவில்லை. எத்தனை வாயில்களிலே தட்டிவிட்டு இந்த வாயிலுக்கு வந்தார்களோ! ஆனால் எள்ளாமை வேறு, ஏற்பது வேறு. மருந்தும் மருத்துவரும் வேண்டிய நோய்க்கு, நீர் தெளித்தலும் நாள் எண்ணுதலும் ஈடாகா.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே என்ன நடந்தது? தர்காவை நாடி வந்த மனநோயாளரை அடைத்துவைத்திருந்த கொட்டகையிலே தீப்பற்றியது. ஓடித் தப்ப இயலவில்லை, சங்கிலியாலே பிணைத்திருந்தார்கள்! இருபத்தெட்டு உயிர்கள் கருகின. கோயிலாயினும் தர்காவாயினும் மாதா கோயிலாயினும், நோயாளியைக் கேளாத இடத்திலே கயிறு ஒருநாள் சங்கிலியாகிவிடும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் காணாமல், கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகக் காணச் சொன்னது. சட்டம் வந்துவிட்டது, கேட்கும் காதுகள் வந்தனவா? 2022இல் இந்நாட்டிலே தம்முயிரை மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. அவர்களிலே மாணவர் மட்டும் 13,044 பேர். பதின்மூவாயிரம் வகுப்பறை இருக்கைகள்! 'ஆறுதல் கோழைகளுக்கு' என்ற இரண்டாம் தோழரே, இந்தக் கணக்கைப் படித்துவிட்டு மீண்டும் சொல்வீரா?

இனி உளவளத்துணையின் மீது ஒரு குற்றச்சாட்டு

இதுவரை புகழ்ந்தோம். திறனாய்வு என்றால் குறையும் சொல்ல வேண்டும்; சொல்வோம்.

நம் வகுப்பிலே ஒருநாள் பயிற்சிக்காக ஒரு கதை தந்தனர். கணவன் அடிக்கிறான், மனைவி துணை நாடி வருகிறாள், நீர் எப்படி உரையாடுவீர்? எங்களிலே பலர், பல சமயத்தார், சமயமில்லாதாரும்கூட, எழுதிய உரையாடல்கள் வியப்பூட்டும் வகையிலே ஓரிடத்திலேயே போய் முடிந்தன: பொறுத்துக்கொள், அனுசரித்துப் போ, அவன் மனத்தை அன்பால் வெல்! மென்மையான குரல், கனிவான முகம், ஆனால் உள்ளே இருப்பது பழைய பாட்டுத்தான். அவள் தூக்கமின்மைக்கு மூச்சுப்பயிற்சி சொன்னோம். அவளைத் தூங்கவிடாத கையைப் பற்றி எவரும் பேசவில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதுதான் இக்கலையின் இடர். நோய் ஒருவர் உள்ளத்திலே இருக்கிறது என்று தொடங்கினால், மருந்தையும் அவர் உள்ளத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்போம். பட்டினியை மனவழுத்தம் என்போம். சாதிக் கொடுமையைத் தாழ்வு மனப்பான்மை என்போம். அடிமைத்தனத்துக்கு ஒத்துப்போகாதவளை ஒத்துப்போகச் செய்து, "குணமாகிவிட்டாள்" என்று கையெழுத்திடுவோம். அப்போது நாம் யார்? பட்டயம் பெற்ற வேலன்!

1967இலே, அமெரிக்க உளவியலார் கழகத்தின் பேரவையிலே பேசிய மார்ட்டின் லூதர் கிங், இதைத்தான் இடித்துரைத்தார். உளவியலார் 'ஒத்துப்போகாமை'யை ஒரு குறையாகவே பேசுகின்றனர்; ஆனால் இனவெறியோடும் வறுமையோடும் ஒருபோதும் ஒத்துப்போகக் கூடாது என்பது அவர் உரையின் சாரம். பேசியவரும் ஒரு பாதிரியாரே என்பதை முதல் தோழர் குறித்துக்கொள்க!

இங்கேதான் தோழி மீண்டும் வருகிறாள். பாடப்புத்தகத்தையும் தாண்டி வருகிறாள். அவள் தலைவியின் மறைபொருளை நெடுநாள் காத்தாள். உளவளத்துணையின் முதல் அறம் மறைபொருள் காத்தல் அன்றோ? ஆனால் தலைவியின் உயிருக்கே ஊறு நேரும்போது, வேற்றவனுக்கு மணம் பேசும்போது, வெறியாட்டிலே உண்மை புதைக்கப்படும்போது, அவள் வாய் திறக்கிறாள், செவிலியிடம் சொல்கிறாள். செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையரிடமும் உண்மையைக் கொண்டு சேர்க்கின்றனர். இதற்குத் தமிழ் இலக்கணம் இட்ட பெயர், 'அறத்தொடு நிற்றல்'. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், 261 அடிகளும், இப்படி ஒரு தோழி செவிலியிடம் பேசும் பேச்சே. மறைபொருள் காப்பதற்கும் எல்லை உண்டு. உயிர்க்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும் என்று இன்றைய கல்லூரிகள் கற்பிக்கும் விதியை, அகத்திணை அறமாகவே வகுத்துவிட்டது. அதுமட்டுமா? தோழி, "நீ மனத்தைத் தேற்றிக்கொள்" என்று தலைவியை மாற்றப் பார்க்கவில்லை. தலைவியைச் சூழ்ந்த வீட்டையே மாற்றப் பார்க்கிறாள்.

நாமும் அவளிடம் கற்றுக்கொண்டோம். தாயின் ஒப்புதலோடு மாணவியிடம் பேசினோம். அல்ல, அவள் பேசக் கேட்டோம். அரசு மருத்துவமனைக்கு அனுப்பி உடல்நோய் உண்டா என்று பார்க்கச் செய்தோம். பிறகு தலைமையாசிரியரோடு சென்று, பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடித்தல் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை, அந்தத் தந்தையிடம் பணிவாகவும் ஐயத்துக்கிடமின்றியும் சொன்னோம். அவர் முதலிலே சினந்தார்; பின்னர்க் கடனைப் பற்றிப் பேசினார்; அதையும் கேட்டோம். சித்திரை வந்தது, திருமணம் நடக்கவில்லை. அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பிலே இருக்கிறாள். மயங்கி விழுவது முற்றும் நின்றுவிட்டது என்று சொல்லி, வேலனைப்போல் புகழ் தேட மாட்டோம், குறைந்திருக்கிறது.

கறுப்புக் கயிறு? அது இன்னும் அவள் மணிக்கட்டிலே இருக்கிறது. அவிழ்க்கச் சொல்லவில்லை நாம். பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் கையிலே கயிறு இருந்தால் என்ன? படித்த கை அதைத் தானே அவிழ்க்கும். அவிழ்க்காவிட்டாலும், கயிற்றுக்காகக் கையைக் கைவிடுவது பகுத்தறிவன்று.

இளைஞர்க்கு ஒரு சொல்

தோழர்களே! பேசத் தெரிந்த இயக்கத்திலே வளர்ந்தவர்கள் நாம். மேடையிலே பேசினோம், நாடகத்திலே பேசினோம், ஏட்டிலே பேசினோம். நம் பேச்சு நாட்டை விழிக்கச் செய்தது, அதிலே ஐயமில்லை. ஆனால் பல்லாயிரவர் கூடிய கூட்டத்திலே கைதட்டியவன், வீடு திரும்பித் தனியே விழித்துக் கிடக்கிறானே, அவனுக்கு வேண்டியது இன்னொரு சொற்பொழிவு அன்று, ஒரு செவி.

ஆகவே கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரியிலே அக்கலை கிடைத்தாலும் சென்று கற்றுக்கொள்ளுங்கள். அங்கே நல்லதைக் கொள்ளுங்கள், திணிப்பைத் தள்ளுங்கள். உங்கள் படிப்பகத்திலே, நாளேடுகள் விரித்த மேசைக்குப் பக்கத்திலே, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடுங்கள். வருபவர் பேசட்டும். நோய் பெரிதாயின் மருத்துவரிடம் அனுப்புங்கள். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணைச் சுவரிலே பெரிதாக எழுதிவையுங்கள். வீட்டிலே அநீதி என்றால், அறத்தொடு நில்லுங்கள்.

வேலனை விரட்ட வேண்டுமா? விரட்டலாம். ஆனால் அவன் எழுந்துபோன இடம் காலியாக இருந்தால், நாளைக்கு வேறொரு வேலன் வந்து அமர்வான். ஒருவேளை அது நாமாகவே இருப்போம். அந்த இடத்திலே தோழியை அமர்த்துவோம்!